பெண்களும் விண்ணப்பிக்கலாம்

இயந்திரப் பொறியியல் துறைகள் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துவருகிறேன். என் மாணவி ஒருத்தி, தன் தங்கை விண்ணப்பிக்கப்போகிறாள் என்று சொல்லி ஓர் அறிவிப்பை எடுத்துவந்து காட்டியதில் தொடங்கிய பழக்கம் இது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கின்றன. வெப்பவியல், உற்பத்தி, இயந்திர வடிவமைப்பு என்று பிரிவுகள். முதுநிலைப் பட்டம், கேட் தேர்வு மதிப்பெண், நேர்காணல் தேதி. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை. சில அறிவிப்புகளின் அடியில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: பெண்கள் விண்ணப்பிப்பதை ஊக்குவிக்கிறோம்.

நான் தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள். என் ஆய்வுக்குத் தேவைப்பட்டவை நூலகமும் ஒரு மேசையும் பொறுமையான நெறியாளரும்தான். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். குழந்தை தூங்கியபின் அடுப்படியில் உட்கார்ந்துகூட ஓர் இயலை எழுதிவிடலாம். இயந்திரப் பொறியியலில் அது நடக்காது. சோதனை இயந்திரம் இருக்கும் இடத்துக்கு ஆய்வாளர்தான் போயாக வேண்டும். லேத் ஓடும் பட்டறையிலும் எஞ்சின் சோதிக்கும் அறையிலும் நிற்க அவருக்கு இடம் வேண்டும். அந்த இடம் பெண்களுக்கு எப்படிக் கிடைத்தது, யார் தயவில் கிடைத்தது என்று பார்த்துக்கொண்டே போனால், அறிவிப்பின் அந்தக் கடைசி வரிக்குப் பின்னால் வேறு என்னவெல்லாம் இருந்தாக வேண்டும் என்பது புரிகிறது.

முதலில் கேட் கிளீசன். 1865இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பிறந்தவர். தந்தைக்கு இயந்திரக் கருவிகள் செய்யும் பட்டறை இருந்தது. பதினோரு வயதிலேயே பட்டறை வேலைக்குள் வந்துவிட்ட பெண், 1884இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே பொறியியலுக்கு வந்த முதல் பெண் அவர்தான். பல்கலைக்கழகம் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்து செய்தி வந்தது. மகளின் இடத்துக்கு அமர்த்திய ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தந்தையால் முடியவில்லை. நீ திரும்பி வா. கேட் திரும்பிப் போனார். பின்னால் மீண்டும் முயன்றும் பட்டத்தை முடிக்க இயலவில்லை. தந்தையின் நிறுவனம் செய்த பற்சக்கரம் வெட்டும் இயந்திரங்களை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்றுப் பெயர் எடுத்தார். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முழு உறுப்பினரான முதல் பெண்ணும் ஆனார். இன்று ராச்செஸ்டரில் ஒரு பொறியியல் கல்லூரியே அவர் பெயரில் இருக்கிறது. பட்டம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. அன்றைக்கு ஒரு உதவித்தொகை இருந்திருந்தால் அவர் கார்னெலிலேயே இருந்திருக்கக்கூடும்.

இரண்டாமவர் பெர்த்தா லாம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1893இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர். மின்சாரம் அவருடைய சிறப்புப் பாடம். பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேடு, ரயிலுக்கான ஒரு மின்னாக்கியைச் சோதித்துப் பார்த்த முடிவுகளைப் பற்றியது. அவருடைய அண்ணன் ஏற்கெனவே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பொறியாளர். பெர்த்தாவும் அங்கேயே சேர்ந்தார். மோட்டார் வடிவமைப்புக்கு வேண்டிய நுட்பமான கணக்குகளைப் போடும் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் அதைச் செய்தார். 1905இல், தான் வேலை பார்த்த பிரிவின் மேலாளரைத் திருமணம் செய்துகொண்டார். அதோடு வேலையும் நின்றது. கணவர் அதே நிறுவனத்தில் தொடர்ந்தார். பெர்த்தாவின் மகள் வளர்ந்து இயற்பியலாளர் ஆனார். இப்படி ஒரு தலைமுறை வீட்டுக்குள் போய், அடுத்த தலைமுறை வெளியே வந்த கதை நம் குடும்பங்களிலும் உண்டு.

மூன்றாமவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லில்லியன் கில்பிரெத், 1878இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர். பொறியியல் உலகம் இன்று கொண்டாடும் இவர் தொடக்கத்தில் ஓர் இலக்கிய மாணவி. பெர்க்லியில் 1900இல் இளநிலை, 1902இல் ஆங்கில இலக்கியத்தில் முதுநிலை முடித்தார். இடையில் முதுநிலைக்காக நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். யாரிடம் படிக்க விரும்பிப் போனாரோ, அந்தப் பேராசிரியர் தம் வகுப்பில் பெண்களை உட்காரவிடுவதில்லை. உடல்நலமும் கெட்டு ஊர் திரும்பினார். 1904இல் கட்டடத் தொழிலில் இருந்த ஃபிராங்க் கில்பிரெத்தை மணந்தார். கொத்தனார் ஒரு செங்கல்லை எடுத்து வைக்க எத்தனை முறை குனிகிறார், எத்தனை அசைவு வீண் என்று எண்ணிப் பார்த்தவர் ஃபிராங்க். இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் அசைவு ஆய்வு. வேலை செய்பவரின் கைகளைப் படம்பிடித்து, ஒவ்வொரு வேலையையும் தேடுதல், பிடித்தல், எடுத்துச்செல்லுதல் என்று சிறுசிறு அசைவுகளாகப் பிரித்தார்கள்.

பிள்ளைகள் பன்னிரண்டு பேர். இத்தனைக்கும் நடுவில் லில்லியன் பெர்க்லிக்கு ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தார். பொருள், மேலாண்மையின் உளவியல். ஆய்வேட்டில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் கடைசி ஆண்டு முழுவதும் வளாகத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. லில்லியன் அப்போது நாட்டின் மறு கரையில், கைக்குழந்தைகளோடு இருந்தார். பட்டம் மறுக்கப்பட்டது. அந்த விதி பெண்களுக்கு எதிராக எழுதப்பட்டதன்று, எல்லோருக்கும் பொதுவானது. வீட்டையும் குழந்தைகளையும் இன்னொருவர் கையில் விட்டுவிட்டு ஓராண்டு போய் இருக்கக்கூடியவரை மனத்தில் வைத்து அதை எழுதியிருந்தார்கள்.

ஆய்வேடு 1914இல் புத்தகமாக வந்தது. ஆசிரியர் பெயர், எல். எம். கில்பிரெத். எழுதியவர் பெண் என்று தெரிந்தால் வாங்கமாட்டார்கள் என்று பதிப்பகத்தார் நினைத்ததால் முதலெழுத்துகளோடு நின்றது. லில்லியன் தளரவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் வேறொரு ஆய்வேட்டை எழுதி 1915இல் முனைவரானார். ஒரே பட்டத்துக்கு இரண்டு ஆய்வேடு.

1924இல் ஃபிராங்க் இறந்தார். கணவர் இருந்தவரை ஒப்பந்தம் கொடுத்த நிறுவனங்கள் பல, மனைவி மட்டும் என்றானதும் விலகிக்கொண்டன. தம்பதி என்ற முறையில் ஏற்றுக்கொண்ட அறிவை ஒரு விதவையிடமிருந்து ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. லில்லியன் வீட்டிலேயே வகுப்பு எடுத்தார். பிறகு சமையலறையை ஆராயத் தொடங்கினார். ஆண்கள் அவருக்கு ஆலையை மறுத்தபோது சமையலறை மிஞ்சியது என்றும் சொல்லலாம். ஆனால் அங்கும் அவர் ஆய்வாளராகத்தான் நின்றார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காக நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் பேசி, அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் எவ்வளவு உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது என்று கணக்கிட்டார். நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் ஓர் உடல் பொறியியலின் ஆய்வுப்பொருளாயிற்று. அசைவு ஆய்வு தொழிலாளியைக் கசக்கிப் பிழியவும் பயன்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கைக்கடிகாரத்தோடு பின்னால் வந்து நிற்பவரைத் தொழிலாளர்கள் எங்குமே விரும்பியதில்லை.

1935இல் பர்டியூ பல்கலைக்கழகம் லில்லியனை அழைத்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. இயந்திரப் பொறியியல் துறையில் மேலாண்மைப் பேராசிரியர் பதவி. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பொறியியல் பேராசிரியர் அவர். அசைவு ஆய்வுக்கு அங்கே ஓர் ஆய்வுக்கூடம் உருவாக உதவினார். பெண்களுக்கான வேலைவாய்ப்பு பற்றி மாணவிகளுக்கு ஆலோசனை சொல்வதும் அவர் பொறுப்பாக இருந்தது. 1948இல் ஓய்வுபெற்றார். 1965இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. பெர்க்லியின் வருகை விதியில் சிக்கிய ஆய்வேட்டுக்கும் பர்டியூவின் பேராசிரியர் நாற்காலிக்கும் இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல்.

இனி நம் ஊருக்கு வரலாம். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. இயந்திரப் பொறியியல் அங்கே 1894இலேயே வந்துவிட்டது. பெண்கள் உள்ளே வர 1940கள் ஆயின. முதலில் வந்தவர் ஏ. லலிதா. சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பம். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கையில் பெண் குழந்தை, கணவர் இல்லை. தந்தை சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி மகளைச் சேர்த்தார். லலிதாவைத் தொடர்ந்து கட்டடப் பொறியியலில் தெரசியாவும் லீலம்மா ஜார்ஜும் சேர்ந்தார்கள். மூவரில் ஒருவரும் இயந்திரப் பொறியியலை எடுக்கவில்லை. ஆனாலும் பட்டறையிலிருந்து லலிதா தப்பவில்லை. ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு பயிற்சியை முடித்துத்தான் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்த 'அவன்' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'அவள்' என்று கையால் திருத்தித் தந்தார்கள்.

அந்த அடித்தல் திருத்தலைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிறகு நடந்தது. லலிதா சிம்லாவில் அரசு வேலை பார்த்தார். அண்ணன் குடும்பம் அங்கே இருந்ததால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. பிறகு அந்த வேலையை விட்டுத் தந்தையின் ஆய்வில் சேர்ந்தார். மின்சார இசைக்கருவி, புகையில்லா அடுப்பு என்று தந்தை பலவற்றை முயன்றுகொண்டிருந்தார். ஆய்வு அவருக்குப் பிடித்திருந்தது. வருமானம் இல்லை. ஒன்பதாவது மாதத்தோடு விட்டுவிட்டுக் கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின்னாக்கிகள் தொடர்பான வேலை உட்படப் பலவற்றைச் செய்தார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டிலும் கலந்துகொண்டார். நல்ல வாழ்க்கைதான். ஆனால் தனியாகக் குழந்தை வளர்க்கும் ஒரு பெண் ஆய்வில் நீடிக்க வேண்டுமானால் மாதாமாதம் பணம் வர வேண்டும் என்பதை அந்த ஒன்பது மாதங்கள் காட்டிவிட்டன. 1884இல் கேட் கிளீசனை ஊருக்குத் திருப்பி அனுப்பியதும் இதே பணம்தான்.

லலிதா எடுக்காத இயந்திரப் பொறியியலை வங்கத்தில் ஒருவர் எடுத்தார். இலா மஜும்தார், திருமணத்துக்குப் பின் இலா கோஷ். 1930இல் இன்றைய வங்கதேசத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சைக்கிளும் பதினாறு வயதில் ஜீப்பும் ஓட்டியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1947இல் ஷிப்பூரின் வங்காளப் பொறியியல் கல்லூரி பெண்களைச் சேர்க்க முன்வந்தபோது இரண்டு பெண்கள் போனார்கள். ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். மிஞ்சியவர் இலா. அவர் கேட்டது கட்டடப் பொறியியல். அது பெண்ணுக்குக் கடினம் என்று முதல்வர் அறிவுரை சொன்னதால் இயந்திரப் பொறியியல் ஆனது. ஒரு பெண்ணுக்கு எது கடினம் என்பதை யார் எதை வைத்து முடிவுசெய்கிறார்கள் என்று பாருங்கள். கிண்டியில் பெண்கள் கட்டடப் பொறியியல் படித்து முடித்திருந்த காலம் அது.

1951இல் இலா பட்டம் பெற்றார். பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிக்கு இந்தியாவில் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ள இடம் அமையவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போய், ஒளியியல் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். திரும்பிவந்து டேராடூன் படைக்கலத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பிறகு டெல்லி பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். கல்கத்தா மகளிர் பாலிடெக்னிக்கின் முதல் முதல்வர். 1985இல் டாக்காவில் ஒரு மகளிர் பாலிடெக்னிக்கை அமைக்கும் பணியும் அவரிடம் வந்தது. தனக்குக் கிடைக்காத பயிற்சியிடத்தை மற்றப் பெண்களுக்குக் கட்டித்தருவதிலேயே அவருடைய பிற்பகுதி வாழ்க்கை போயிற்று. 2019இல் மறைந்தார்.

இந்த ஐந்து பேர் கதையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. தந்தையின் பட்டறை, அண்ணனின் நிறுவனம், கணவரின் ஒப்பந்தங்கள், தந்தையின் கல்லூரி, பெண் ஜீப் ஓட்டுவதைத் தடுக்காத ஒரு வீடு. திறமையும் உழைப்பும் அவர்களுடையவை. ஆனால் வாசல்வரை கூட்டிவந்தது வீடு. அதுவும் படித்த, வசதியுள்ள வீடு. லலிதாவின் விஷயத்தில் உயர்சாதி வீடும்கூட. அந்த வீடு அழைத்தபோது கேட் படிப்பை விட்டார். பெர்த்தாவுக்குத் திருமணத்தோடு வேலை நின்றது. லில்லியனுக்குக் கணவர் போனதும் ஒப்பந்தங்கள் போயின. இன்று விண்ணப்பம் போடும் பெண்களில் பலருக்கு அப்பா பேராசிரியர் இல்லை. கூலி வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகும் அம்மா இருப்பார். ஒரு வீட்டின் நல்ல மனம் செய்ததை இவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் எழுதப்பட்ட விதிதான் செய்ய வேண்டும்.

சில விதிகள் வந்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஆய்வுக் காலத்தில் ஒருமுறை 240 நாட்கள்வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கப் பெண்களுக்கு வழிசெய்தன. முனைவர் பட்டத்தை முடிக்கும் உச்சவரம்பில் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகவும் தந்தன. லில்லியனுக்கு 1914இல் இல்லாமல் போனது ஏறக்குறைய இதுதான். ஐ.ஐ.டி.களில் பெண்கள் பத்தில் ஒருவர் என்ற அளவைத் தாண்டாமல் இருந்ததால், 2018 முதல் இளநிலைப் படிப்பில் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கி 20 விழுக்காட்டை எட்டும் திட்டம் வந்தது. ஆய்வுப் படிப்புக்கு வரும் பெண்களின் வரிசை நீள இது உதவும்.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் வேறு கணக்கு இருக்கிறது. கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா? இயந்திர உறுப்புகளிலும் அதே நடக்கிறது. இதை உலோகச் சோர்வு என்பார்கள். ஒரு உலோகத் துண்டு ஒரு கோடி முறை அழுத்தம் தாங்குமா என்று பார்க்க, நொடிக்கு ஐம்பது சுழற்சி என்ற வேகத்தில் ஓட்டினால் 55 மணி நேரத்துக்கு மேல் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும். அது ஒரு துண்டுக்கு. ஆய்வுக்கு இப்படிப் பத்துப் பதினைந்து துண்டுகளாவது வேண்டும். நள்ளிரவில் துண்டு முறிந்தால் அடுத்ததைப் பொருத்த யாராவது இருக்க வேண்டும். மாணவியர் விடுதிக் கதவு மாலையிலேயே மூடிவிட்டால், அந்த இரவுகளை உடன் ஆய்வு செய்யும் ஆண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நாலு ஆண்டு முடிவில் அவர்களிடம் கூடுதல் தரவு, கூடுதல் கட்டுரை. யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, கடிகாரமே ஒதுக்கிவிட்டது. 2015இல் டெல்லி மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டுக்கு எதிராகக் கூண்டை உடை என்ற பொருளில் 'பிஞ்ச்ரா தோட்' இயக்கத்தைத் தொடங்கியபோது, ஊர் சுற்றுவதற்காகக் கேட்கிறார்கள் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஓர் ஆய்வுக்கூடத்தின் இரவு நேரமும் அந்தக் கோரிக்கைக்குள் இருந்தது.

ஆகவே என் மாணவியின் தங்கைக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொடுத்தேன். நேர்காணலில் அவர்கள் உன்னைக் கேட்பார்கள். திருமணம் எப்போது என்றும்கூட யாராவது கேட்கலாம். நீயும் அவர்களைக் கேள். உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறதா? இந்த நெறியாளரிடம் இதற்குமுன் முடித்த பெண்கள் எத்தனை பேர், பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒருவருடன் நான் பேச முடியுமா? மகப்பேறு விடுப்பின்போது உதவித்தொகை உண்டா? கட்டுரையில் பெயர் வரிசையை எப்படி முடிவுசெய்கிறீர்கள்? உள்புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? பட்டறைக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? விடுதிக் கதவை எத்தனை மணிக்கு மூடுவீர்கள்?

பட்டியலைப் படித்துவிட்டு அவள் தொலைபேசியில் சிரித்தாள். "இத்தனையும் கேட்டா எடுத்துக்குவாங்களா மேடம்?" என்றாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம், பதில் தெரியாமல் மட்டும் சேராதே என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, பட்டியலில் தான் ஒன்று சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள்: ஆய்வுக்கூடத்துச் சாவி என்னிடமும் ஒன்று இருக்குமா?